வைட்பேண்ட் காட்டும் எண்ணை ஈசியூ நம்பலாமா?

ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூ (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போடுகிறவர்கள் கூடவே ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரையும் வாங்குகிறார்கள். வாங்கத்தான் வேண்டும். பழைய நேரோபேண்ட் சென்சார் 0.45 வோல்ட்டைச் சுற்றித் தாவி, கலவை லாம்ப்டா 1-க்கு, அதாவது காற்றும் பெட்ரோலும் சரிவிகிதத்தில் இருக்கும் நிலைக்கு, மேலா கீழா என்று மட்டும் சொல்லும். ஃபுல் த்ராட்டிலில் 0.85-ல் ஓடுகிறதா 0.95-ல் ஓடுகிறதா என்பதை அதனிடம் கேட்க முடியாது. ஆனால் வைட்பேண்டை மாட்டிய கையோடு ஆட்டோடியூனை (ஈசியூ தானே பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்வதை) ஓடவிடுவது ஆபத்து. திரையில் வரும் எண் தவறாக இருந்தால், ஈசியூ அந்தத் தவறை அப்படியே பெட்ரோல் டேபிளில் எழுதிவிடும். எண் சரி என்று நிரூபித்த பிறகே திருத்தும் அதிகாரத்தைக் கொடுங்கள்.

முதலில் ஸ்கேல். வைட்பேண்ட் சென்சாரை இயக்கும் கன்ட்ரோலர் ஈசியூவுக்கு 0–5 வோல்ட் அனலாக் சிக்னல் கொடுக்கிறது. எந்த வோல்ட்டுக்கு எந்த ஏஎஃப்ஆர் (காற்று–பெட்ரோல் விகிதம்) என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏஇஎம் எக்ஸ் சீரிஸில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. இன்னோவேட் எல்சி-2 கம்பெனி செட்டிங்கில் 0 வோல்ட் 7.35, 5 வோல்ட் 22.39. இப்போது வண்டியில் இருப்பது இன்னோவேட், ஈசியூவில் தேர்ந்தெடுத்தது ஏஇஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 12.5 காட்டும்போது சிக்னல் ஒயரில் இருப்பது சுமார் 2.18 வோல்ட். இன்னோவேட் கணக்கில் அது 13.9. டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறிய நேரத்தில் 13.9 ஓடினால் நாக்கிங் வரும், பிஸ்டன் தாங்காது. திரையைப் பார்க்கிறவருக்கோ எல்லாம் சரியாகத் தெரியும். கேஜில் தெரியும் எண்ணையும் லேப்டாப்பில் தெரியும் எண்ணையும் ஐடிலிங்கில், சீரான ஓட்டத்தில், லோடில் என மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். 0.1-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங்கைத் தொடவே கூடாது.

மூன்று இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால், அல்லது ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மட்டும் எண் நகர்ந்தால், கோளாறு எர்த்தில்தான். மேலே சொன்ன ஸ்கேல்களில் 100 மில்லிவோல்ட் பிசகு என்பது 0.24 முதல் 0.3 ஏஎஃப்ஆர் வரை. எந்தப் பக்கம் பிசகுகிறது என்பதும் முக்கியம். சென்சார் ஹீட்டர் கரண்ட் மெல்லிய எர்த் ஒயரில் ஓடி, கன்ட்ரோலரின் எர்த் உயர்ந்தால், ஈசியூவுக்குக் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) தெரியும், பெட்ரோலைக் கூட்டும். பிளக் கருக்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஈசியூவின் எர்த் உயர்ந்தால் கதை தலைகீழ். இன்ஜெக்டரும் இக்னிஷன் காயிலும் அதிகக் கரண்ட் இழுக்கும் உயர் ஆர்பிஎம்மில் கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) தெரிந்து, ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரமும் அதுதான்.

சோதிப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வையுங்கள். கருப்பு முனை ஈசியூவின் சென்சார் எர்த் பின்னில், சிவப்பு முனை கன்ட்ரோலரின் எர்த் ஒயரில். 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் எர்த் வேலையைத் திரும்பச் செய்யுங்கள். கன்ட்ரோலருக்கு ஒரே எர்த் ஒயர் என்றால், ஈசியூ பவர் எர்த் பிடித்திருக்கும் அதே போல்ட்டில், எஞ்சின் பிளாக்கில், பிடியுங்கள். சிக்னல் எர்த் தனியாக இருந்தால் அது மட்டும் ஈசியூ சென்சார் எர்த்துக்குப் போகட்டும். ஹீட்டர் எர்த்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் கூலன்ட் சென்சார், த்ராட்டில் சென்சார் ரீடிங்குகளும் சேர்ந்து நகரும். கேன் (எண்ணை டிஜிட்டலாக அனுப்பும் இரட்டை ஒயர் இணைப்பு) வழியாக இணைக்க வசதி இருந்தால் அதையே எடுங்கள். இந்த வோல்ட்டேஜ் தொல்லை அதில் கிடையாது. பவரை அணைத்து கேன் ஹைக்கும் லோவுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும்.

ஒயரிங் சுத்தமாக இருந்தும் எண் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு: மிஸ்ஸிங். சென்சார் பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை; புகையில் மிஞ்சிய ஆக்சிஜனும் எரியாத வாயுக்களும்தான் அதன் கணக்கு. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் முழு ஆக்சிஜனும் சைலன்சருக்கு வருகிறது, எண் லீன் என்கிறது. ஈசியூ பெட்ரோல் கூட்டுகிறது, பிளக் இன்னும் நனைகிறது, மிஸ்ஸிங் கூடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவும் இதே வேலையைச் செய்யும். ஐடிலிங்கில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினிலும், சைலன்சர் குட்டையான பைக்கிலும் குறைந்த ஆர்பிஎம்மில் லீன் காட்டினால் உடனே நம்பாதீர்கள். பெட்ரோலைக் கையால் 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் முன்பைவிட மோசமாக ஓடினால் லீன் என்ற ரீடிங் பொய்.

பொருத்தும் விதத்துக்கு வருவோம். போஷ் எல்எஸ்யூ 4.9-க்கு எம்18×1.5 நட்டு வேண்டும். எல்லா சிலிண்டர் பைப்பும் சேர்ந்த பிறகு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னால். முன்னால் வைத்தால் அழுத்தம் காரணமாக ரிச் இன்னும் ரிச்சாகவும், லீன் இன்னும் லீனாகவும் தெரியும். சென்சார் படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கி நிற்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்கும். நட்டை வெல்டிங் செய்யும்போது சென்சாரைக் கழற்றிவிடுங்கள். இறுக்கம் 40–60 நியூட்டன் மீட்டர். கப்ளரை வெட்டி ஒயரை ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக அளந்த கேலிபரேஷன் ரெசிஸ்டர் அந்தக் கப்ளருக்குள்தான் இருக்கிறது.

சென்சார் சாகும் முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீர். குளிர்ந்த சைலன்சரில் தேங்கிய நீர்த்துளி சூடான செராமிக் மேல் பட்டால் அது விரிசல் விடும். எல்எஸ்யூ 4.9 வேலை செய்யும் வெப்பம் 780 டிகிரி செல்சியஸ். அதனால் சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் நீண்ட நேரம் விடக்கூடாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும்படி ரிலே வைப்பது நல்லது. சூடாகாத சென்சாரை ஓடும் எஞ்சினில் விட்டுவைப்பதும் தவறு, கரி அடைத்துவிடும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல், சாதாரண சிலிகான் கேஸ்கட் பேஸ்ட், கூலன்ட் கசிவு, எண்ணெய் எரிதல் எல்லாமே அதற்கு விஷம்.

இந்தியாவில் இப்போது பம்பில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20-க்குச் சரிவிகிதம் சுமார் 13.5. இதைப் படித்துவிட்டு டார்கெட் டேபிளில் 13.5 போடுகிறவர்கள் உண்டு. சென்சார் அளப்பது லாம்ப்டாவைத்தான். கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இ20 ஓடினாலும் லாம்ப்டா 1-ல் கேஜ் 14.7 என்றே சொல்லும். அங்கே 13.5 போட்டால் வண்டி 0.92-ல் ஓடி மைலேஜைத் தின்னும். திரையை லாம்ப்டாவுக்கு மாற்றிவிட்டால் குழப்பமே இல்லை: சீரான ஓட்டத்துக்கு 1.0, டர்போ இல்லாத எஞ்சினின் ஃபுல் லோடுக்கு 0.86–0.90, டர்போவுக்கு 0.78–0.82 என்று தொடங்கலாம். ஆனால் இ10-ல் டியூன் செய்த பழைய டேபிளுக்கு இ20-ல் சுமார் 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. அதை மறக்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் குளோஸ்டு லூப், அதாவது சென்சார் எண்ணைப் பார்த்து ஈசியூ ஓட்டத்திலேயே திருத்துவது. அதை அணைத்து வைத்து விஇ டேபிளை (பெட்ரோல் கணக்குக்கு அடிப்படையான அட்டவணையை) முதலில் சரிசெய்யுங்கள். பிறகு திருத்த எல்லையை ±5 சதவீதத்துக்குள் வையுங்கள். கூலன்ட் 70 டிகிரி தாண்டாமல், ஸ்டார்ட் ஆகி 30 விநாடி ஆகாமல் திருத்தம் தொடங்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது இன்ஜெக்டர் நிற்பதால் சென்சார் வெறும் காற்றைத்தான் பார்க்கிறது, அங்கும் திருத்தம் வேண்டாம். ஐடிலிங்கில் ஏஎஃப்ஆர் ஊஞ்சலாடினால் திருத்தும் வேகத்தைக் குறையுங்கள். புகை சென்சாரை அடைய நேரம் எடுக்கிறது, அதற்குள் ஈசியூ அடுத்த திருத்தத்தைப் போட்டுவிடுகிறது.

கடைசியாக ஒரு சோதனை. சிக்னல் ஒயர் அறுந்து 0 வோல்ட் வந்தால் மேலே சொன்ன இரு ஸ்கேலிலும் அது மிகவும் ரிச் என்று பொருள்; ஈசியூ பெட்ரோலைக் குறைக்கத் தொடங்கும். ஸ்பீடுயினோ போன்ற ஈசியூக்களில் எந்த ஏஎஃப்ஆர் எல்லைக்குள் மட்டும் திருத்தலாம் என்று இரண்டு எண்கள் கொடுக்க இடம் இருக்கிறது. கீழ் எல்லையை 10, மேல் எல்லையை 18 என்று வைத்து, சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது சிக்னல் ஒயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஈசியூவுக்குப் போகும் முனையை எர்த்தில் தொடுங்கள். திருத்தம் 100 சதவீதத்துக்கு, அதாவது கூட்டலும் குறைத்தலும் இல்லாத நிலைக்கு, திரும்பி அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் கீழே இறங்கினால் குளோஸ்டு லூப்பை அணைத்துவிட்டு அந்த செட்டிங்கைத் திரும்பப் பாருங்கள்.