நுண்ணுயிர் பிளாஸ்டிக் எண்டு ஒண்டு இல்ல

போன கிழம வாவிக்கரையில ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், பெனர்ல பெரிய எழுத்தில "நுண்ணுயிர் பிளாஸ்டிக்கால் அழியும் வாவி". மைக்ரோபிளாஸ்டிக்க, அதாவது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள, நுண்ணுயிர் பிளாஸ்டிக் எண்டு எழுதுற இந்தப் பிழைய எத்தின தரம் பாத்திட்டன். கூட்டம் முடிய இறால் விக்கிற பெரியம்மா ஒராள் வந்து கேட்டா, "மனே, நல்லாக் கொதிக்க வச்சா அது செத்திருமா?" அவவில பிழை இல்ல, நுண்ணுயிர் எண்டா உசிருள்ள சாமான், கிருமி, பக்டீரியா.

கிரேக்கத்தில மைக்ரோ எண்டா சின்னது, பிளாஸ்டிக் எண்டா உருவாக்கி எடுக்கக் கூடியது, அவ்வளவுதான். 2004ல கடல் விஞ்ஞானி ரிச்சர்ட் தொம்சன் ஆக்கள் எழுதின கட்டுரைக்குப் பிறகு மைக்ரோபிளாஸ்டிக் எண்ட பேர் பரவிச்சு, 5 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச துண்டெல்லாம் இதில சேரும்.

மைக்ரோபயோலொஜிய நுண்ணுயிரியல் எண்டு படிச்சிட்டு மைக்ரோவக் கண்ட இடமெல்லாம் நுண்ணுயிர் எண்டு போடுறாங்க. அங்க உயிர் வந்தது பயோவால. மைக்ரோஸ்கோப்ப நம்மட பாடப்புத்தகம் நுணுக்குக்காட்டி எண்டுதானே சொல்லுது? 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு இலங்கையிட மேற்குக் கரையில ஒதுங்கின வெள்ளப் பிளாஸ்டிக் மணிகளும் இந்த இனம்தான், சனம் கையால அள்ளிச்சு, நுண்ணுயிரக் கையால அள்ளலாமா? இதவிடப் பெரிய சிக்கல், தண்ணியில மிதக்கிற இந்தத் துண்டுகளுக்கு மேல உண்மையான நுண்ணுயிர் படிஞ்சு வளருது, அதால பாரம் கூடிச் சேத்தில தாழுது. ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா இத எப்படி விளங்கப்படுத்துற?

சிலர் நுண்நெகிழி எண்டு எழுதுறாங்க. நெகிழ் நல்ல தமிழ் வேர்தான், ஆனா நம்மட பக்கக் கடையில ஆர் நெகிழி வாளி கேக்கிற? அதோட தங்கூசி (நைலோன்) வலையும் சொப்பிங் பேக்கும் வெயில்ல காஞ்சு நெகிழாம நொறுங்கிறதுதான் இஞ்ச பிரச்சினையே.

என்னக் கேட்டா பிளாஸ்டிக் துணிக்கை. துணிக்கை நம்மட விஞ்ஞானப் பாடத்தில கிடக்கிற சொல், துணிபட்டது, துண்டானது எண்ட கருத்தும் உள்ளுக்கயே இருக்கு. இந்தத் துணிக்கைய பிளாந்தன் (தண்ணியில மிதக்கிற சின்னஞ்சிறு உசிர்கள்) திண்டு, அத இறாலும் மீனும் திண்டு, வயிறு நிறைஞ்ச மாதிரிக் கிடந்து மெலியுது, தண்ணியில கிடக்கிற சில நஞ்சும் அதில ஒட்டிக்கொண்டு போகுது. மண் மூடிக் கிடக்கிற முகத்துவாரத்த வெட்டுற வரைக்கும் வாவிக்குள்ள வந்தது வெளிய போக வழியும் இல்ல. இவ்வளவும் சனத்துக்குப் போய்ச் சேரோணும், இவங்க மெஷின்ல மொழிபெயர்த்து வாறத அப்படியே அடிக்கிறாங்க, ஒரு ஏ.எல். பயோ பிள்ளையிட்டக் காட்டினாலே திருத்தித் தந்திருக்கும்.

பெரியம்மாட இறால் கூடைக்குள்ள ஒரு நீல நூல் கிடந்திச்சு, வலையில இருந்து கழண்டது. எடுத்து நகத்தால நுள்ளிக் காட்டினன், "இது இன்னும் இன்னும் நொறுங்கினா அதுதான் பெரியம்மா, உசிர் இல்ல, சாகாது." அவ அத வாங்கிப் பாத்திட்டு முந்தானையில முடிஞ்சிட்டா, திரும்ப வாவிக்குள்ள போடல்ல.