ரவுட்டரில் விளக்கு எரிகிறது, லினக்ஸில் நெட் வரவில்லை

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கேபிள்காரர் ஃபைபர் இழுத்து, பெட்டியைச் சுவரில் மாட்டி, போனில் வீடியோ ஓடுவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டுப் பழைய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். அதில் மட்டும் நெட் வரவில்லை. போன் செய்தால், "லினக்ஸ்லலாம் நம்ம லைன் எடுக்காது சார்" என்கிறார்.

அப்படி ஒன்றும் இல்லை. இணையத்தில் போகும் தகவல் பொட்டலங்களின் விதிகள் எல்லா இயங்குதளத்துக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால், சுவரில் மாட்டும் ரவுட்டர்கள் பலவற்றுக்குள் ஓடுவதே லினக்ஸ்தான். 'நெட் வரவில்லை' என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் கோளாறு நாலைந்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வரிசையாகக் கேட்டால் எந்த இடம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

முதல் இடம் வைஃபை சிப். அது வேலை செய்ய ஃபர்ம்வேர் என்ற சின்ன நிரல் வேண்டும். சில நிறுவனங்கள், குறிப்பாகப் பழைய பிராட்காம் சிப்புகளில், அதைச் சுதந்திரமாக விநியோகிக்க விடவில்லை. அதனால் லினக்ஸோடு அது சேர்ந்து வராது. இறக்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கே நெட் வேண்டும்! வழி எளிது: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குகிறவர்கள் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பிலேயே சேர்த்தார்கள். நல்ல முடிவு.

அடுத்தது முகவரி. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், 'ஐபி ஏ' (ip a) என்று ஆங்கிலத்தில் தட்டினால் 192.168 என்று தொடங்கும் எண் தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான், சிலவற்றில் 10 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொடுப்பது ரவுட்டர். கொடுக்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். புதிதாக வந்த லேப்டாப்புக்கு முகவரியும் கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி, "முகவரி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவும். ரவுட்டர் ஒரு எண்ணை நீட்டும். "இதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று லேப்டாப் மறுபடியும் எல்லோருக்கும் கேட்கக் கூவும். வேறு யாராவது எண் நீட்டியிருந்தால் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் அது. கடைசியாக ரவுட்டர் உறுதி செய்யும். நாலே செய்திகள், வேலை முடிந்தது.

அந்த எண் சொந்தமும் அல்ல. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் காந்தி ரோட்டு லாட்ஜில் எடுக்கும் ரூம் மாதிரி, கெடு வைத்துக் கொடுப்பது. கெடுவில் பாதி கழிந்ததுமே லேப்டாப் தானாகக் கேட்டு நீட்டித்துக்கொள்ளும். கூவியும் பதில் வரவில்லை என்றால் முகவரியே இருக்காது, அல்லது 169.254 என்று தொடங்கும் ஒன்றைக் கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் உலாவியை நோண்டிப் பயனில்லை. ரவுட்டர் வரைக்கும் பேச்சே போகவில்லை.

முகவரி சரியாக இருக்கிறதா? அப்புறம் 'பிங்' (ping) என்று தட்டி, பக்கத்தில் 8.8.8.8 என்று போடுங்கள். எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை இது. கூகுளின் இந்த எண் உலகின் பல ஊர்களில் உள்ள இயந்திரங்களுக்குப் பொது. பெரும்பாலும் அருகில் இருப்பதே பதில் சொல்லும். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், போய்வர ஒன்றரை மில்லிசெகண்டுகூட ஆகாது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து பதில் வருவதானால் 120 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. திரையில் அதைவிடச் சின்ன எண் தெரிந்தால், பதில் சொன்னது அந்தக் கரையில் உள்ள இயந்திரம் அல்ல என்று நீங்களே கணக்குப் போடலாம்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்-இல். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் இதற்கான கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று இருக்கும். பலர் இதைத் தவறு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகரின் முகவரி. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்தால் போதும்.

கடைசி ஒன்றுதான் ஆளைப் படுத்தி எடுப்பது. பிங் போகிறது, பெயரும் கிடைக்கிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை ஏற்றலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ இணைப்பு அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. பெரிய பொட்டலம் வந்தால் "சின்னதாக்கி அனுப்பு" என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் யாராவது அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டால், பெரிய பொட்டலங்கள் சத்தமில்லாமல் தொலையும், சின்னவை மட்டும் போய்ச் சேரும்.

சோதிக்க, பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங்கில் 1464 பைட் அனுப்புங்கள் (ping -M do -s 1464 8.8.8.8). முகவரி முதலியவை எழுதும் தலைப்புகளுக்கு 28 சேர்ந்தால் சரியாக 1492. இது போய், 1465 போகாவிட்டால் உங்கள் இணைப்பின் எல்லை அதுதான். தளங்களும் திணறுகின்றன என்றால், நெட்வொர்க் அமைப்பில் எம்டியூ (பொட்டலத்தின் உச்ச அளவு) என்ற இடத்தில் 1492 என்று போட்டு, இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேருங்கள். ரவுட்டரில் பொட்டல அளவைத் தானே குறைத்துவைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற வசதி இருந்தால் அங்கேயே போட்டுவிடலாம். வீட்டில் உள்ள மற்றக் கருவிகளுக்கும் சேர்த்தே சரியாகிவிடும்.