கன்டோன்மென்ட்: பாசறையா, பாளையமா?

திருச்சியில் மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றிய பகுதிக்குக் கன்டோன்மென்ட் என்று பெயர். கோர்ட், ஓட்டல், துணிக்கடை எல்லாம் அங்கே உண்டு. ராணுவக் குடியிருப்புப் பகுதியை நகராட்சி போல நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் சட்டப்படி வாரியம் உள்ளவை இரண்டுதான். ஒன்று பரங்கிமலை–பல்லாவரம், இன்னொன்று நீலகிரியில் உள்ள வெலிங்டன். ஆனாலும் திருச்சிக்காரர் இன்றைக்கும் "கன்டோன்மென்ட்ல இறங்கிக்கோ" என்றுதான் வழி சொல்கிறார். படையின் நிர்வாகம் போய்விட்டது, ஊர் நின்றுவிட்டது.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுத நேர்ந்தால் பலரும் 'பாசறை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பாசறை என்றால் படை மட்டும்தான் கண்ணில் தெரியும். கன்டோன்மென்ட் என்பதோ படையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரும் சேர்ந்தது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இத்தாலிய மொழியில் 'கான்டோ' என்றால் மூலை. அதிலிருந்து 'கான்டோனே' வந்தது. பிரெஞ்சில் அது 'கான்டோன்' ஆகி, நாட்டின் ஒரு பகுதியைக் குறித்தது. சுவிட்சர்லாந்தின் மாநிலங்களுக்கு கான்டோன் என்று பெயர் வந்ததும் அப்படித்தான். பிரெஞ்சுப் படைகள் குளிர்காலத்தில் போரை நிறுத்தியதும் வீரர்களைப் பிரித்து ஊர் ஊராகத் தங்க வைப்பார்கள். ஒவ்வொரு மூலையில் ஒவ்வொரு பிரிவு. அந்தத் தங்கலுக்குப் பெயர் 'கான்டோன்மான்'. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. ஆக, பிறக்கும்போது இது ஒரு பருவத்துக்கான தற்காலிகச் சொல். பனி உருகியதும் படை கிளம்பிவிடும்.

இந்தியாவுக்கு வந்ததும் பொருள் தலைகீழானது. கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் கன்டோன்மென்ட் அமைத்தது. அப்புறம் வந்தவையும் அதைப் போல நிரந்தரமாகத் தங்கவே வந்தன. பிரிட்டிஷ் அதிகாரிகள் இதைக் 'கன்டூன்மென்ட்' என்று உச்சரித்தார்கள். இந்தியில் இதற்குச் 'சாவ்னி' என்று பெயர். கூரை வேய்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. கூரை வேய்ந்தாயிற்று என்றால் அங்கே தங்கப் போகிறோம் என்றுதானே பொருள்.

பெங்களூரைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியா வாட்டியதால் படையை அங்கிருந்து நகர்த்தி 1809இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் நிறுவினார்கள். பழைய கோட்டையும் பேட்டையும் ஒரு பக்கம், புதிய படையூர் இன்னொரு பக்கம். படைக்குச் சமையல்காரர் வேண்டும், சலவைக்காரர் வேண்டும், கொத்தனார், தச்சர், தையல்காரர், மளிகைக்காரர் எல்லாரும் வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் கேட்கிறது என்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது. ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரிக்கரையில்தான். அந்த வீரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கிறது.

1898இல் பிளேக் வந்தபோது நெரிசலின் விலை தெரிந்தது. படைக்கு இடம் ஒதுக்கியவர்கள் படையை நம்பி வந்தவர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகளை அகலத் தெரு, சாக்கடை என்று வரைபடம் போட்டுக் கட்டினார்கள். பேட்டைக்கும் கன்டோன்மென்டுக்கும் தனித்தனியாக இருந்த நகராட்சிகள் 1949இல்தான் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. கன்னடக்காரர்கள் கன்டோன்மென்ட் பகுதியைத் 'தண்டு' என்பார்கள். தண்டு என்றால் படை. தமிழில் தண்டநாயகன் என்று நமக்குப் பழக்கமான அதே சொல்தான்.

அமெரிக்கா இந்தச் சொல்லை வேறு வழியில் பயன்படுத்தியது. 1917இல் முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது 32 பயிற்சி முகாம்களை அவசரமாக எழுப்பினார்கள். 16 முகாம்களில் கூடாரம்; அவை கேம்ப். மற்ற 16 முகாம்களில் மரக் கட்டடம், அவைதான் கன்டோன்மென்ட். இன்றும் அமெரிக்கப் படைத்தளங்களில் பயிற்சிக் காட்டை விட்டுவிட்டு, கட்டடங்கள் நெருங்கிய பகுதியை மட்டும் கன்டோன்மென்ட் ஏரியா என்கிறார்கள்.

வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,60,000 ஏக்கர். 2005இல் அமெரிக்க அரசு பல தளங்களை மூடியும் இணைத்தும் மாற்றியபோது, அட்லாண்டாவிலிருந்த தரைப்படைத் தலைமையகம் ஒன்று இங்கே வருவதாக முடிவானது. 2011 செப்டம்பருக்குள் மாற்றம் முடிய வேண்டும். கூடவே ஒரு சிறப்புப் படைப்பிரிவு இங்கிருந்து ஃபுளோரிடாவுக்குப் போயிற்று. வருகிறவர்கள் எத்தனை, போகிறவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பறை வேண்டும் என்று கணக்குப் போட, சுற்றிலும் உள்ள 11 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சேர்ந்து ஒரு வட்டாரக் குழு அமைத்தன. தளத்தின் வேலி ஒரு கவுண்டியில் முடியலாம், அங்கே வேலை பார்ப்பவர் வீடு மூன்றாவது கவுண்டியில் இருக்கும். குடும்பத்தோடு வாழும் வீரர்களில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியேதான் குடியிருக்கிறார்கள். பக்கத்து ஹோக் கவுண்டியின் மக்கள்தொகை 2000இல் 33,646, 2010இல் 46,952. பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. தளத்தின் நிலத்துக்கோ சொத்து வரி கிடையாது. வீரர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் செலவை ஈடுகட்ட 1950இலிருந்து ஒன்றிய அரசு உதவித்தொகை தருகிறது.

அங்கே இன்னொரு சிக்கலும் வந்தது. ஊர் வளர வளர, வெளியே இருந்த பைன் காடு வீட்டுமனையாக மாறியது. அந்த மரங்களில் வாழும் அரிய மரங்கொத்தி ஒன்றுக்குத் தளத்துக்குள் இருந்த காடே பெரிய புகலிடமாயிற்று. பறவைக்காகப் பயிற்சியைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தபோதுதான், வெளிக்காட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று ராணுவமே முன்வந்து, 1995இலிருந்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடு கைகோத்தது.

இப்படியொரு வாழ்க்கையைப் 'பாசறை' என்ற சொல் தாங்குமா? முல்லைப்பாட்டில் அரசனின் பாசறை வருகிறது. காட்டுப் புதரை வெட்டி, முள்வேலி வளைத்து, தழைக்கூரை வேய்ந்த தெருக்களோடு கடல்போல் பரந்து கிடக்கிறது அது. தெரு கூட உண்டு! ஆனால் வினை முடிந்ததும் அரசன் வீடு திரும்புகிறான். போர் முடிந்தால் பாசறையும் முடிந்தது. சங்கச் செய்யுள்கள் பாசறையைக் 'கட்டூர்' என்றும் சொல்லும், 'பாடி' என்றும் சொல்லும். கட்டூர் அழகான சொல், ஆனால் வழக்கொழிந்தது. பாடி என்றால் இன்று ஆயர்பாடிதான் நினைவுக்கு வரும். 'படைவீடு' என்றதும் முருகன் நினைவு வந்துவிடுகிறது. 'தளம்' இருக்கிறதே என்பீர்கள். விமானப்படைத்தளம், கடற்படைத்தளம் என்று அது நன்றாகவே நிலைத்துவிட்டது. ஓடுபாதையும் கிடங்கும் அதற்குள் அடங்கும், சந்தை அடங்காது.

சந்தை என்றதும் பல்லாவரம் நினைவுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாயை விரித்துப் பழைய மிக்சி, ஒரு கால் உடைந்த நாற்காலி, ரோஜாத் தொட்டி, கூண்டில் லவ்பேர்ட்ஸ் என்று பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் பேசுகிற அந்தக் கூட்டம் நிற்பது கன்டோன்மென்ட் எல்லையில். அவர்கள் பாசறையில் நிற்கிறார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குச் சரியாகப் படுவது 'பாளையம்'. பாளையம் என்றால் படை, படை தங்கும் இடம். விவிலியத் தமிழில் 'பாளயமிறங்கினார்கள்' என்று திரும்பத் திரும்ப வருவது இந்தப் பொருளில்தான். தெலுங்கில் பாளெம், கன்னடத்தில் பாளைய, பாள்ய. பாளையக்காரர் காலத்தில் அதன் பொருள் ஒரு நிலப்பகுதியாக விரிந்தது. பிறகு ஊர்ப்பெயராயிற்று: பாளையங்கோட்டை, மேட்டுப்பாளையம், ராஜபாளையம். எல்லாப் பாளையமும் படை தங்கிய இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் படை என்ற பொருளில் தொடங்கி ஊர் என்ற பொருளில் முடிந்த சொல் இது. கன்டோன்மென்ட் நடந்த அதே வழியில் நம் சொல்லும் நடந்திருக்கிறது.

வெறும் பாளையம் என்றால் கொங்குநாட்டுச் சிற்றூரோ என்று குழப்பம் வரும். அதனால் 'படைப்பாளையம்' என்று எழுதலாம். கன்டோன்மென்ட் வாரியம் படைப்பாளைய வாரியம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தரம் பிரிப்பதும் மக்கள்தொகையை வைத்துத்தான். 50,000 பேருக்கு மேல் இருந்தால் முதல் வகை, 2,500 வரை நான்காம் வகை. படைப்பிரிவு எத்தனை, பீரங்கி எத்தனை என்று சட்டம் கேட்கவில்லை.

2023 ஏப்ரலில் இமாச்சலத்தின் காஸ் யோல், கன்டோன்மென்ட் என்ற நிலையை இழந்தது. மற்ற இடங்களிலும் பொதுமக்கள் பகுதியைப் பிரித்து அருகிலுள்ள நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு நடக்கிறது. பல்லாவரத்திலும் அது நடந்தால் படைப்பாளைய வாரியம் என்ற பெயருக்கு அங்கே வேலை இருக்காது. பஸ்ஸில் கன்டோன்மென்ட் என்று டிக்கெட் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், திருச்சியைப் போல.