அப்பாரு, அப்பிச்சி, அப்பத்தா, அமுச்சி

'தாத்தா' என்றால் அப்பாவைப் பெற்றவரா, அம்மாவைப் பெற்றவரா? கோயமுத்தூர்ப் பிள்ளைகள் இப்போது ஊர்ப்பெயரை ஒட்டிச் சமாளிக்கிறார்கள்: ஈரோட்டுத் தாத்தா, தாராபுரத்துத் தாத்தா. இருவரும் ஒரே ஊர்க்காரர் என்றால் கார் வைத்திருப்பவர் 'கார் தாத்தா' ஆகிவிடுவார். பழைய கொங்குப் பேச்சில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

அப்பனைப் பெற்றவர் அப்பாரு, அவர் மனைவி அப்பத்தா. அம்மாவைப் பெற்றவர் அப்பிச்சி. அப்புச்சி என்பாரும் உண்டு. அவர் மனைவி அமுச்சி, அமத்தா, அம்மாயி என்று வீட்டுக்கு வீடு, சமூகத்துக்குச் சமூகம் கொஞ்சம் மாறுவார். ஆனால் எந்த வீட்டிலும் இரண்டு வழியும் கலப்பதில்லை.

சொற்களைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடும். ஆத்தா என்றால் தாய். அபிராமி அந்தாதியில் 'ஆத்தாளை எங்கள் அபிராமவல்லியை' என்று வருவதும் இந்த ஆத்தாதான். அப்பனுடைய ஆத்தா அப்பத்தா. அம்மாவுடைய ஆத்தா அமத்தா. அம்மாவுடைய ஆயி அம்மாயி. அப்பன் என்பதோடு மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்தால் அப்பார். மாமனார், தகப்பனார் என்பவற்றில் வரும் அதே ஆர்தான். பேச்சில் கடைசியில் ஓர் உகரம் ஏறி அப்பாரு ஆகிறது. இதையெல்லாம் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுத் 'தாத்தா, பாட்டி என்று ஒழுங்காகக் கூப்பிடு' என்று பிள்ளையைத் திருத்துகிறவர்கள், துல்லியமான சொல்லை எடுத்துக்கொண்டு பொத்தாம்பொதுவான சொல்லைக் கொடுக்கிறார்கள் என்பேன்.

அதிலும் 'பாட்டி'யின் பழங்கதை வேறு. மதுரைக்காஞ்சியில் 'பாணர் வருக பாட்டியர் வருக' என்னும்போது பாட்டியர் என்பது பாணர்குலப் பெண்களைக் குறிக்கிறது. தொல்காப்பிய மரபியலோ 'பாட்டி என்ப பன்றியும் நாயும்' என்று பெண்பன்றிக்கும் பெண்நாய்க்கும் அந்தப் பெயரைக் கொடுக்கிறது. அப்பத்தாவிடம் இதைச் சொல்லிவிட்டுச் சோறு கேட்கப் போகாதீர்கள். தாத்தா தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தாத' என்று வழங்குகிற சொல்.

கொங்கு எல்லையைத் தாண்டினால் வேறொரு வேடிக்கை. செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா. கொங்கில் அய்யன் என்றால் அப்பா, அப்பிச்சி என்றால் தாத்தா. ஏறத்தாழ அதே இரண்டு சொற்கள், தலைமுறை மட்டும் இடம் மாறி நிற்கின்றன. அப்பத்தா மட்டும் இரண்டு நாட்டிலும் அப்பத்தாவேதான்.

இனி பேரன். எழுத்துத் தமிழில் இது பெயரன்: பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்தி என்பதுதான் பேத்தி ஆனது. நற்றிணை 40ஆம் பாட்டு, பிள்ளை பெற்ற மனைவியைக் காண நள்ளிரவில் கள்வனைப் போல வரும் கணவனைச் சொல்லி, 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே' என்று முடிகிறது. அவனுடைய தந்தையின் பெயரைத் தாங்கப் பிள்ளை பிறந்துவிட்டான், அதனால் வந்தான் என்பது பொருள். உறவுமுறைச் சொல்லுக்குள்ளேயே பெயர்சூட்டும் வழக்கம் பதிந்திருக்கிறது.

கொங்கில் தலைச்சன் ஆண்பிள்ளைக்கு அப்பாரு பேரும், தலைச்சன் பெண்ணுக்கு அப்பத்தா பேரும், அடுத்ததற்கு அம்மா வீட்டுப் பேரும் என்பது பலரும் கைக்கொண்ட முறை. இதில் மருமகளுக்குத்தான் சங்கடம். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைக்கோ அதே பேர். சென்னியப்பன் என்று மாமனார் பேர் வைத்த பையனை 'டேய் சென்னியப்பா' என்று திட்ட முடியுமா? அதனால் கூப்பிட ஒரு பேர் தனியாக வந்தது: அப்புனு, கண்ணு, சாமி. பெண்ணென்றால் அம்மிணி. இன்றைக்குக் கொஞ்சலாக மட்டும் கேட்கிற இந்தச் சொற்களுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலையும் இருந்தது.

பெரியவர்களின் பெயர்களைப் பார்த்தாலே கொங்கின் கோயில்கள் வரிசையாக வரும். சென்னிமலையிலிருந்து சென்னியப்பன், அவிநாசியிலிருந்து அவிநாசியப்பன், பழனியிலிருந்து பழனிசாமி, வெள்ளகோவில் வீரக்குமாரசாமியிலிருந்து வீரக்குமார். பெண்களுக்கு ஆத்தாள் என்றே முடியும்: ராமாத்தாள், பாவாத்தாள், கருப்பாத்தாள், குப்பாத்தாள். அப்பத்தாவில் இருக்கிற ஆத்தா பெயரிலும் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஈற்றைப் புதுப்பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதில்லை. பாவாத்தாளின் பேத்திக்குப் பாவனா என்று வைத்து முதலெழுத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்பத்தாமார்களுக்கு அதில் அரைமனசுதான்.