மாடியில் பூசியது குடத்தில் இறங்குமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, நாள்பட்டால் முதுகும் மூட்டும் விறைத்துப் போவது எல்லாம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாளுக்கென்று மழைநீரைப் பிடித்து வைக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல், ஏனென்றால் மழையில் புளோரைடு அநேகமாக இல்லை. ஆனால் அந்த நீர் நேராகக் குடத்துக்கு வருவதில்லை. மொட்டை மாடியில் விழுந்து, அங்கே பூசியிருப்பதைக் கழுவிக்கொண்டுதான் சம்ப்புக்குள் இறங்குகிறது.

1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர் சேரும். ஆண்டுக்கு 800 மி.மீ. என்று வைத்து, ஊறிப்போவதையும் ஆவியாவதையும் கழித்தாலும் ஏறக்குறைய 60,000 லிட்டர். இவ்வளவு தண்ணீரும் 1 மி.மீ. கனமுள்ள ஒரு பூச்சின் மேல் ஓடுகிறது. ஒழுகலை நிறுத்த எதைப் பூசலாம் என்ற கேள்வி இங்கே குடிநீரையும் சேர்த்த கேள்வி.

எந்த வாட்டர் புரூஃபிங் பொருளும் டப்பாவில் கூழாக இருந்து, தளத்தில் கெட்டியாக மாறுகிறது. அக்ரிலிக் பூச்சில் தண்ணீர் ஆவியாகி, அதில் மிதந்த நுண்ணிய பாலிமர் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. பாலியூரித்தேன், எபாக்சி இரண்டிலும் சிறு மூலக்கூறுகள் வேதிவினையில் கைகோத்துப் பெரிய வலையாகின்றன. சிமெண்ட் வகையில் நீரும் சிமெண்டும் சேர்ந்து இறுகுகின்றன. வலைக்குள் மாட்டிக்கொண்டது சுலபமாக வெளியே வராது. மாட்டாமல் மிஞ்சியதுதான் ஆவியாகி நுரையீரலுக்கும், கரைந்து தண்ணீருக்கும் போகிறது. கலவை விகிதம், காயும் நேரம், தளத்தின் ஈரம் என்று கம்பெனி சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாடும் இந்த மிச்சத்தைக் குறைக்கவும் உதவுகிறது. அவற்றை மீறினால் பூச்சும் கெடும், நீரும் கெடும்.

இந்தப் பக்கம் மாடிகளில் அதிகம் தெரிவது அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு. கரைப்பான் நெடி குறைவு, வெயிலையும் திருப்பி அனுப்பும். ஆனாலும் அதில் மிஞ்சும் இரண்டு பொருள்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பாலிமர் உருண்டைகளைப் பிரித்து வைத்திருக்கும் சோப்பு போன்ற பொருள். மற்றது பாசி, பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கொல்லிகள். பல வெளிப்புறப் பூச்சுகளில் டையூரான், டெர்புட்ரின் போன்றவை சேர்க்கப்படுகின்றன. டையூரான் வயலிலும் களைக்கொல்லியாகத் தெளிக்கப்படுவதுதான். இவை நீரில் கரைந்து வெளியே வந்தால்தான் பாசியைத் தடுக்க முடியும். அதாவது கசிவது அவற்றின் குறையல்ல, அவற்றின் வேலையே அது. முதல் சில மழைகளில் அதிகமாக வந்து பிறகு குறையும். 1990களில் சுவிட்சர்லாந்தில் தட்டைக் கூரைகளிலிருந்து வடிந்த மழைநீரில் மெக்கோப்ராப் என்னும் களைக்கொல்லியைக் கண்டார்கள். செடி வேர் துளைக்காமலிருக்கத் தார் ஷீட்டில் சேர்த்திருந்த பொருளிலிருந்து அது கசிந்திருந்தது.

அதனால் மாடி வேலையைப் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிப்பது நல்லது. உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் நீர் சிக்கிக் கொப்புளம் கிளம்பும். காலையிலோ, நாலு மணிக்கு மேலோ பூச வேண்டும். முதல் கோட் காய நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டு, இரண்டாவதைக் குறுக்கு வாட்டில் இழுக்க வேண்டும். அன்றிரவே மழை பிடித்தால் படலமாகாத பாலிமர் பால்போலக் கரைந்து ஓடும். அந்த நீர் சம்ப்புக்கும் ஆகாது, பக்கத்து ஏரிக்கும் ஆகாது. பூசிய பின் வரும் முதல் மூன்று நான்கு கனமழைகளுக்காவது குழாயை வெளியே திருப்பிவிடுங்கள். பிறகு ஒரு பாட்டிலில் அந்த நீரைப் பாதி நிரப்பிக் குலுக்குங்கள். நுரை கட்டி நின்றால் சோப்புப் பொருள் இன்னும் வருகிறது. நுரை நின்றுவிட்டால் கொல்லியும் நின்றுவிட்டது என்று கொள்ள முடியாது. அதனால் குடிக்கப் பிடிக்கும் மாடிக்குக் கொல்லி சேர்க்காத பூச்சைக் கேட்டு வாங்குவதே சரி. பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கினால், மூன்றாம் பகுதியில் அபாயமான சேர்மானங்களும் பன்னிரண்டாம் பகுதியில் நீர்வாழ் உயிர்களுக்கு என்ன ஆகும் என்பதும் இருக்கும்.

பாலியூரித்தேன் வேறு ரகம். முழுதாக இறுகிவிட்டால் உறுதியானது, இறுகும் வரை ஆபத்தானது. அதிலுள்ள ஐசோசயனேட் நீரைக் கண்டால் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கக்கும். ஈரத் தளத்தில் பூசினால் அந்த வாயு மேலே வரும் வழியெல்லாம் ஊசி முனைத் துளை விழும், அவ்வழியே மறுபடி ஒழுகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு மழைக்குப் பின் தளம் மேலே வெளுத்துக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஊறியிருக்கும். ஒரு மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை விளிம்பெல்லாம் டேப் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

உடலுக்கு இதே ஐசோசயனேட் ஒவ்வாமை ஆஸ்துமாவைத் தரும். ஒருமுறை உடலுக்கு அதனோடு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி அளவு ஆவியே மூச்சை இறுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி பெறாதவர் இந்தப் பொருளைத் தொழிலில் கையாளக் கூடாது. நம் பெயிண்டர் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பூசுகிறார். துணி தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடியும் நைட்ரைல் கையுறையும் கூலியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவு. ஸ்ப்ரே அடிப்பதைவிட ரோலர் பல மடங்கு மேல்.

உயிரையே பறிப்பது சம்ப்புக்குள் செய்யும் வேலை. தின்னர் கலந்த எபாக்சியோ தார் பிரைமரோ பூசும்போது எழும் டொலுவீன், சைலீன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடி திறந்திருந்தாலும் வெளியேறாமல் அடியில் தேங்கும். ஆள் குனிந்து பூசுவதும் அந்த அடியில்தான். தலை சுற்றி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். காற்று இருக்கிறதா என்று பார்க்க விளக்கேற்றி இறக்கும் பழக்கம் கிணற்றுக்கு வந்தது. தின்னர் ஆவி நிறைந்த தொட்டியில் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். சாதாரண பல்பு, செல்போன், பொறி பறக்கும் மோட்டார் எதுவும் உள்ளே போகக் கூடாது. புளோயரை வெளியே வைத்து, அதன் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, நல்ல காற்றை வேலை முடியும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஓர் ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் முகமூடி ஆக்சிஜன் தராது என்பதையும் மறக்கக் கூடாது. இத்தனைக்கும் வீட்டுச் சம்ப்புக்குக் கரைப்பான் கலந்த பூச்சு தேவையே இல்லை.

அங்கே சிமெண்ட் பாலிமர் பூச்சோ, படிக வகைப் பூச்சோ போதும். படிக வகையில் உள்ள வேதிப்பொருள் கான்கிரீட்டின் நுண்குழாய்களுக்குள் போய், அங்குள்ள சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து, கரையாத ஊசிப் படிகங்களாக வளர்ந்து வழியை அடைக்கிறது. குடிநீரோடு தொடுவதற்குச் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். எபாக்சிதான் என்றால் கரைப்பானே இல்லாத, குடிநீருக்கென்ற வகை வேண்டும். இரண்டு டப்பாவையும் கண் அளவில் ஊற்றாமல் எடை போட்டுக் கலந்து, ஏழு நாள் இறுகவிட வேண்டும். தரையை இறுக்கப் பூசும் சிலிகோபுளோரைடு கரைசல் ஒன்று உண்டு. தண்ணீரில் புளோரைடு குறையட்டும் என்று பாடுபடும் மாவட்டத்தில் அதைத் தொட்டிக்குள் பூசவே கூடாது.

சிமெண்ட் வகைக்கும் குணக்கேடு உண்டு. ஈரச் சிமெண்டின் பி.எச். (காரத்தன்மையின் அளவு) 12க்கு மேல், தோலை அரிக்கும். அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் கொத்தனார் கையில் வரும் நாள்பட்ட அரிப்புக்குக் காரணம். ரப்பர் கையுறையும் கணுக்காலை மூடும் பூட்ஸும் போதும். தொட்டியில் பூச்சு ஏழு நாள் இறுகிய பின் நீர் நிரப்பி, 24 மணி நேரம் வைத்து, வடித்துவிட வேண்டும். மூன்று முறை செய்து, பி.எச். தாளில் 8.5க்குக் கீழ் வந்த பின்தான் குடிக்கலாம். மழைநீர் மென்மையானது, லேசான அமிலமும்கூட. போர்வெல் நீரைவிட அதிகமாகச் சுண்ணாம்பை இழுக்கும். முதல் வடிநீரை மீன் உள்ள குட்டையில் விடாதீர்கள், அந்தக் காரம் மீனைக் கொல்லும்.

தார் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமன் ஒன்று, நிலக்கரித் தார் மற்றொன்று. இரண்டாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவதென உறுதியானது, வீட்டின் எந்த மூலைக்கும் வேண்டாம். பிட்டுமன் ஷீட் அடித்தளச் சுவருக்கு நல்ல பொருள். நீர் பிடிக்கும் மாடியில் அதை மேலே மூடாமல் விடக் கூடாது.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இடித்த பழைய சுர்க்கித் தளம், நீருக்குக் கேடு செய்யாத வகையில் இன்றும் முதல் வரிசை. சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும் அதன் பாரத்தை ஸ்லாப் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் போடக் கூடாது.

வேலை முடிந்தபின் மிஞ்சிய எபாக்சியின் இரு பகுதிகளையும் கலந்து கட்டியாக்கித்தான் தூக்கிப்போட வேண்டும். ஐசோசயனேட் மிச்சமுள்ள டப்பாவில் ஈரம் பட்டிருந்தால் இறுக்கி மூடாதீர்கள், வாயு அழுத்தத்தில் வெடிக்கும். பிரஷ் கழுவிய நீரை வாளியில் தெளியவிட்டு, வண்டலைக் காயவைத்துக் குப்பையோடு போடுங்கள். கிழித்த தார் ஷீட்டைக் கொளுத்தாதீர்கள். 20 லிட்டர் காலி வாளியை எத்தனை முறை தேய்த்தாலும் குடிநீர் பிடிக்கவோ மாவு வைக்கவோ ஆகாது. செடி வைக்கக்கூட வேண்டாம், யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாதபடி அடியில் ஓட்டை போட்டுப் பழைய சாமான் கடையில் கொடுத்துவிடுங்கள்.