கல் விற்ற காசில் சம்பளம் போடாதீர்கள்

கையில் காசில்லை என்று இந்த வருடத்தில் என்னிடம் வந்த மூன்றாவது ஊராட்சி இது. கிருஷ்ணகிரிப் பக்கம், பேர் வேண்டாம். மூன்று இளைஞர்கள் வரவு செலவு நகலோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மோட்டார் ஆபரேட்டருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி, தெருவிளக்கு பாதி எரியவில்லை. "யார் சார் தின்னது?" என்று கேட்டார்கள்.

உள்ளாட்சித் தணிக்கையில் 26 வருடம் இருந்தவன் நான். தின்றிருந்தால் கணக்கில் எங்காவது பிசிறு தட்டும். இதில் தட்டவில்லை. ஊர்க் குன்றில் கிரானைட் வெட்டிய காலத்தில் சீனியரேஜ் பங்கு, அதாவது வெட்டும் கல்லுக்கு அரசு வாங்கும் கட்டணத்தில் ஊராட்சிக்கான பங்கு, வந்துகொண்டே இருந்தது. ஆர்ச் கட்டினார்கள், ஹைமாஸ் விளக்கு நட்டார்கள், தினக்கூலியில் ஏழு பேரைச் சேர்த்தார்கள். கல்லுக் காசு வருகிறதே, ஜனங்களை எதற்கு நச்சரிப்பது என்று வீட்டு வரியை விட்டுவிட்டார்கள். அப்போது தணிக்கைக்குப் போனவனே நான்தான். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதும் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் வசூல் பத்தி முழுக்க வெறும் பென்சில் கோடு. ஆட்சேபணை எழுதினேன். 'வருங்காலத்தில் தவிர்க்கப்படும்' என்று பதில் வந்தது. அந்த வரிக்கு ரப்பர் ஸ்டாம்பே வைத்திருப்பார்கள்போல.

"மலை எங்க சார் போகப்போகுது?" என்றார் அன்றைய தலைவர். போய்விட்டது. குழியில் தண்ணீர் நிற்கிறது.

ஒன்றை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. கல்லுக்கு வருவது வருமானம் இல்லை, சொத்தை விற்ற காசு. அதே ஊராட்சியின் புளியமர ஏலத்தைப் பாருங்கள். மகசூலை ஏலம் விட்டால் மரம் அடுத்த வருடமும் காய்க்கும். மரத்தையே வெட்டி விறகுக்குப் போட்டால் அந்த ஒரு வருடம் வரவு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். புளியும் கல்லும் வரவுப் பக்கத்தில் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் தலைவர், செயலர், ஊர் என்று எல்லோருக்கும் இரண்டும் ஒன்றாகவே படுகிறது. சொந்த மாந்தோப்பில் இப்படிக் கணக்குப் பார்ப்பீர்களா? மரம் விற்ற காசை மாங்காய்க் காசு என்று வீட்டில் சொல்லிப் பாருங்களேன்.

கிராமத்து ஆட்கள் என்று சிரிக்க வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1976-ல் எண்ணெய், எரிவாயு வரவில் 30% ஒதுக்கிச் சேமிப்பு நிதி தொடங்கியது. சில வருடங்களில் அதைப் பாதியாக்கினார்கள். 1986-ல் எண்ணெய் விலை சரிய, 1987-ல் ஒதுக்குவதையே நிறுத்திவிட்டார்கள். மாகாண விற்பனை வரி இல்லாத ஒரே மாகாணம் அதுதான். போடுகிறேன் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. 'கடவுளே, இன்னொரு தடவை எண்ணெய் யோகம் கொடு, இந்த முறை வீணாக்க மாட்டோம்' என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள்.

சரி, குவாரி இன்னும் ஓடுகிற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கல்லுக் காசில் ஆள் போடாதீர்கள். தொட்டி, பைப்லைன், பம்புக்கு சோலார் என்று, கல் தீர்ந்த பிறகும் நிற்பதற்குச் செலவழியுங்கள். ஆர்ச்சு வேண்டவே வேண்டாம். கல்லுக் காசு கொட்டுகிற வருடத்திலும் வீட்டு வரியை வசூலியுங்கள். பழக்கம் விட்டுப்போனால் மறுபடி கேட்கும் தலைவர் அடுத்த தேர்தலில் தோற்பார். மே 1, அக்டோபர் 2 கிராமசபையில் பிரியாணிப் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: கல்லுக் காசைக் கழித்தால் மாதச் சம்பளத்துக்கு மிஞ்சுமா? தயவுசெய்து கேளுங்கள்.

கிளம்பும்போது அந்த இளைஞர்களில் ஒருவர் தயங்கி நின்றார். "பக்கத்துக் குன்றும் ஏலத்துக்கு வருதாம் சார். சீக்கிரம் விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தர்றீங்களா?"

எழுதித் தர்றேன், அதுக்கு முன்னாடி உங்க மூணு பேர் வீட்டு வரி ரசீதையும் கொண்டு வாங்க என்றேன். இன்னும் வரவில்லை.