எஸ்.ஓ.பி எண்டதுக்குச் சரியான தமிழ் என்ன?

எஸ்.ஓ.பி எண்ட சொல்லு இப்ப யாழ்ப்பாணத்தில கந்தோர், ஆஸ்பத்திரி, பாங்க் எண்டு எல்லா இடத்திலயும் புழங்குது. விரிச்சுச் சொன்னா ஸ்ராண்டர்ட் ஒப்பரேற்றிங் புறொசீஜர். ஒரு வேலையை ஆர் செய்தாலும் எண்டைக்குச் செய்தாலும் ஒரே மாதிரி வரவேணும் எண்டதுக்காக, எது முதல், எது பிறகு, ஆர் செய்யிறது எண்டு எழுதி வைக்கிற தாள்தான் அது. பொருள் இவ்வளவுதான், ஆனா தமிழில என்ன எண்டு கேட்டா ஆளுக்கொண்டு சொல்லுவினம்.

நான் இதில இவ்வளவு மினக்கெடுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கும்தானே, அப்ப நான் வேலை செய்த இடத்தில ஜெனறேற்றருக்குப் பக்கத்துச் சுவரில லமினேற் பண்ணின தாள் ஒண்டு ஒட்டியிருந்தது, எஸ்.ஓ.பி எண்டதை அதில நியம செயற்பாட்டு நடைமுறை எண்டு போட்டிருந்தது: "மின்தடை ஏற்படும் சந்தர்ப்பத்தில் உரிய நியம செயற்பாட்டு நடைமுறைகளைப் பின்பற்றி மின்பிறப்பாக்கி இயக்கப்படல் வேண்டும்." ஒரு நாள் ராத்திரி கரண்ட் போக, வாச்சர் ஐயா முதல் சேஞ்ச் ஓவர் பிடியை, அதாவது லைன் கரண்டில இருந்து ஜெனறேற்றருக்கு மாத்துற பிடியை, கீழ தட்டிப்போட்டுப் பிறகு ஜெனறேற்றரை ஸ்ராற் பண்ணிட்டார். எஞ்சின் சூடாகி வோல்ற்றேஜ் ஒரு நிலைக்கு வாறதுக்கு முதலே பிரிட்ஜ், தண்ணி மோட்டர், லைற் எல்லாம் ஒண்டா அதில தொங்கி, மோட்டர் எரிஞ்சு போச்சு. விடியக் காலமை எல்லாரும் அவரைத்தான் பேசினவை, எழுதி ஒட்டிக் கிடக்குத்தானே வாசிக்கேல்லையோ எண்டு. அவர் என்னட்டச் சொன்னது ஒரு வசனம்தான், "தம்பி, நான் வாசிச்சனான், அதில எது முதல் எண்டு இல்லையே." போய்ப் பாத்தன். உண்மையா இல்லை.

சரி, சொல்லுக்கு வருவம். புறொசீஜர் லத்தீன் மொழியில முன்னுக்குப் போறது எண்டு பொருள்படுற வினையில இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்த சொல்லு. புறொசஸ், புறொசெஷன் எல்லாம் அதின்ர சகோதரங்கள். கோயில் ஊர்வலத்தை நினைச்சுப் பாருங்கோ, மேளம் நாதஸ்வரம் முன்னுக்கு, சாமி அதுக்குப் பின்னுக்கு, பஜனை பாடுற ஆக்கள் கடைசியில, ஆருக்கும் இடம் மாறாது. ஒப்பரேற்றிங் எண்டதும் லத்தீன்தான், வேலை எண்டு பொருள். ஆனா எங்கட ஊரில ஒப்பரேசன் எண்டா ஒண்டு ஆஸ்பத்திரி, மற்றது ஆமி, அதால அந்தச் சொல்லைக் கேட்டவுடன வேலை எண்டு மனசில வராது. ஸ்ராண்டர்ட் எண்டது பழைய பிரெஞ்சில சண்டைக் களத்தில பிடிக்கிற கொடி. கொடி நிக்கிற இடத்தில படை வந்து சேரும், பிறகு எல்லா நிறையும் அளவும் ஒத்துப் பாக்கிறதுக்கு அரசன் வைச்ச படிக்கல்லுக்கும் அதே பேர் வந்தது.

இந்த ஸ்ராண்டர்ட் எண்டதுக்குத் தமிழில ஒரே சொல்லு நிலைக்கேல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில நியம விலகல் எண்டு படிச்சதை தமிழ்நாட்டுப் பிள்ளையள் திட்ட விலக்கம் எண்டு படிக்கினம், அங்க செந்தரம் எண்டும் ஒரு சொல்லு உண்டாக்கியிருக்கினம். ஸ்ராண்டர்ட்ஸ் இன்ஸ்ரிரியூசனுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எண்டு பேர், அதில வாற கட்டளை இருக்கே, கன பேர் அதை ஓடர் போடுறது எண்டுதான் நினைக்கினம். அது கட்டளைக் கல்லில வாற கட்டளை, பொன்னை உரைச்சுப் பாக்கிற கல்லு. "தத்தம் கருமமே கட்டளைக் கல்" எண்டு குறள் சொல்லுறதும் அதைத்தான். எனக்கு நல்லாப் பிடிச்ச சொல்லு, ஆனா சுவரில ஒட்டினா அதிகாரம் பண்ணுற மாதிரித்தான் விளங்கும். அதால நியமம் எண்டதே எங்களுக்குக் காணும், நித்திய நியமம் எண்டு சொல்லிப் பழகின சனம்தானே, நாள் தவறாமல் ஒரே மாதிரிச் செய்யிறது எண்ட பொருள் அதில ஏற்கெனவே கிடக்கு.

இனி முறை. இதுதான் முக்கியமான சொல்லு. எங்கட பக்கம் பங்குக் கிணத்தில தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க முறை இருக்கு, இண்டைக்கு ஆற்ற முறை எண்டு ஒராள் கேட்டா வரிசையையும் உரிமையையும் சேத்துத்தான் கேக்கிறார். கலியாணம் பேசேக்க முறை பாக்கிறம், முறைமச்சான் எண்டுறம். ஒருத்தன் வரிசை குழப்பினா முறைகேடு, அதைப் பொலிசில போய்ச் சொன்னா முறைப்பாடு. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" எண்டு வள்ளுவர் சொல்லேக்க அது நீதி. இவ்வளவுக்குள்ளயும் ஓடுறது ஒண்டுதான், எது எதுக்குப் பிறகு, ஆருக்குப் பிறகு ஆர். எஸ்.ஓ.பி எழுதுற ஆள் சொல்ல வேண்டியதும் அதுதான், அது சொல்லாத தாளுக்கு முறை எண்ட சொல்லைப் போடவே கூடாது எண்டு நான் நினைக்கிறன்.

முறைக்கு முன்னால என்ன போடுறது எண்டதிலதான் சிக்கல். நடைமுறை நல்ல சொல்லு, நடை எண்டதில முன்னுக்குப் போறதும் இருக்கு, ஆனா நாங்கள் கதைக்கேக்க "நடைமுறையில அப்பிடி நடக்காது" எண்டுதானே சொல்லுவம், அதாவது எழுதி வைச்சதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிற சொல்லு அது. எழுதி வைக்கிற தாளுக்கே அந்தப் பேரை வைச்சா குழப்பம். தமிழ்நாட்டில 2020 கொரோனா நேரம் பேப்பர் எல்லாம் நிலையான வழிகாட்டு நெறிமுறைகள் எண்டு எழுதினவை. நெறி எண்டா ஒழுக்கம், வழிகாட்டல் எண்டா இந்தப் பக்கம் போனா நல்லது எண்டு சொல்லுறது. முதல் சாவியைத் திருப்பு, பிறகு பிடியைத் தட்டு எண்டு சொல்லுறதுக்கு அது பொருந்தாது. செயல்முறை எண்டதை புறொசஸுக்கு விட்டு வைக்கிறது நல்லம். தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 9000 இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் சொல்லுது, உள்ள போறது வேற ஒண்டாகி வெளிய வாற அந்த வேலைத் தொடர் முழுக்கப் புறொசஸ், அதைச் செய்யிறதுக்கெண்டு குறிச்சு வைச்ச வழி புறொசீஜர். நெல்லு ஊறி அவிஞ்சு காய்ஞ்சு புழுங்கலரிசியா வாறது செயல்முறை. எவ்வளவு நேரம் ஊறப்போடுறது, எப்ப இறக்கிறது எண்டு எழுதி வைக்கிறது செய்முறை.

ஓம், செய்முறைதான் என்ர தெரிவு. சமையல் குறிப்புக்கும் பள்ளிக்கூட லாப்புக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, செய் எண்ட ஏவல் அதுக்குள்ளயே நிக்குது, ஒப்பரேற்றிங் எண்டதைத் தனியா மொழிபெயர்க்கவும் தேவையில்லை. முழுப்பேர் வேணுமெண்டா நியமச் செய்முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்ச அமெரிக்க மிசனறி டொக்டர் கிறீன் தன்ர சேர்ஜரிப் புத்தகத்துக்கு இரண வைத்தியம் எண்டு பேர் வைச்சவர், கெமிஸ்ரிக்குக் கெமிஸ்தம் எண்டே வைச்சவர், இருக்கிற சொல்லு உதவுற இடத்தில அதை எடுக்கிறதும் உதவாத இடத்தில வெளிச் சொல்லையே தமிழாக்கிறதும் எங்கட ஊருக்குப் புதுசில்லை.

பேர் சரியா வந்தாலும் உள்ள எழுதுற வசனம் பிழைச்சா ஒண்டும் இல்லை. "இயக்கப்படல் வேண்டும்" எண்டதில இயக்கிற ஆள் இல்லை, "உரிய" எண்டதில எது எண்டு இல்லை. பிறகு வாச்சர் ஐயாவை வைச்சுக்கொண்டே அந்தத் தாளைத் திருப்பி எழுதினனான், தலைப்பு "ஜெனறேற்றர் போடுற முறை". கரண்ட் போனால் வாச்சர் 2 நிமிசம் பொறுக்கவும். சேஞ்ச் ஓவர் பிடி மேலே நிக்கிறதா எண்டு பார்க்கவும், மேலே நிண்டால் மட்டும் சாவியைத் திருப்பவும். 3 நிமிசம் சும்மா ஓட விடவும். பிறகு பிடியை மாத்தவும் எண்டு எழுத, ஐயா என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டி "எந்தப் பக்கம் தம்பி?" எண்டு கேட்டார். மாத்தவும் எண்டதை வெட்டிப்போட்டு, கீழே தட்டவும் எண்டு எழுதினன்.